அக்கா குளத்தில் விட்ட மீன்கள்

நான் பார்க்கிற வேலையைச் சொன்னால், கேட்பவர்கள் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். ஏரி வற்றுகிற காலத்தில் மீன் பிடிக்கிறோம். பிடித்ததை விற்பதில்லை, தின்பதுமில்லை. கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டு, அது மயங்கி அடங்கிய பிறகு குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கிறோம். பெருநகர் என்கிற ஊருக்குப் பஸ் போகிற சாலையில் இருக்கிற எங்கள் ஊரில் இதைப் பாவம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பைத்தியக்கார வேலை என்று சொல்கிறவர்களும் உண்டு. குழம்புக்கு இரண்டு மீன் கேட்டு வந்து வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போனவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள்.

பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் வேலை இருக்கும். ஏரியில் தண்ணீர் இறங்கி, மதகுக்குப் பக்கத்துப் பள்ளங்களில் மட்டும் நிற்கும்போது மீனெல்லாம் அங்கே வந்து சேர்ந்துவிடும். அப்போது வலை போட்டால்தான் உண்டு. ஒரு மழை விழுந்துவிட்டால் போயிற்று, திரும்ப அடுத்த வருஷம்தான்.

புதைக்கிற மீன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. யாரோ வளர்ப்பதற்கென்று கொண்டுவந்து, ஒரு மழையில் குட்டை உடைத்துக்கொண்டு ஏரிக்கு வந்துவிட்டது என்கிறார்கள். வளர்க்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்ட மீன். தடை போட்டது மீனுக்குத் தெரியுமா என்ன. முழங்கால் தண்ணீர் இருந்தாலும் பிழைக்கும், அதுவும் இல்லையென்றால் சேற்றில் கிடக்கும், வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும். தலைப்பிரட்டை, தவளை, மற்ற மீனின் முட்டை, குஞ்சு, எதையும் விடாது. நம் ஊர் நாட்டுக் கெளுத்தியும் அதற்கு உறவுதான். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அண்ணன் தம்பியைத் தின்று தீர்த்துவிட்டான். ஏரியில் நாள் முழுக்க வலை இழுத்தாலும் நாட்டுக் கெளுத்தி ஒன்று ஏறினால் அபூர்வம். அதைக் காப்பாற்றத்தான் இதைக் கொல்கிறோம்.

கொல்கிறோம் என்று மேடம் சொல்ல மாட்டார், அகற்றுகிறோம் என்பார். மேடம்தான் எங்களுக்குத் தலைமை. மீனைப் பற்றியே படித்த பெண், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார், நான் மேடம் என்று கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

என் வேலை பிரிப்பது. வலையில் வந்ததைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இது அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் உடம்பு மழை இறங்கிய சுவர் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். தலை நீளமாக, தட்டையாக இருக்கும். நம்முடையது ஒரே கருஞ்சிவப்பு, ஊறவைத்த புளி நிறம். விலாவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. பெரியதில் எந்தக் குழப்பமும் வராது, சின்னதில்தான் வரும். நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். பரீட்சை நாள் காலையில் வாந்தி எடுப்பேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் எடுத்தேன். கடைசியில் என் அக்காதான் பள்ளிக்கூடத்துக்குப் போய், என் தங்கச்சி இனிமேல் வர மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை நாள் முழுக்கப் பரீட்சை. ஒரு மீனை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். போட்ட பிறகும், ஐயோ அது நம்முடையதாக இருந்தால் என்று எட்டிப் பார்ப்பேன். வலை இழுக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார், வாய் சும்மா இருக்காது.

"இன்னாமா, பொண்ணு பாக்கற மாதிரி பாத்துக்கினே கீற. ஜாதகம் எதுனா கேக்கணுமா?" என்பார்.

எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் இன்னொரு தடவை பார்ப்பேன்.

அக்கா வீடும் என் வீடும் ஒரே தெரு. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸில் போய் ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர். அவர் இருக்கிற நேரம் தூங்குகிற நேரம். அதனால் எனக்குப் பேச்சுத் துணை என்றால் அக்காதான். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, உத்திரமேரூருக்கும் எங்கள் ஊருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். சர்க்கரை அவருடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை காஞ்சிபுரம் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவார். அதற்காக இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது கிர்ரென்று அதிரும். வீட்டுக்கு யார் வந்தாலும் கையை நீட்டிவிடுவார். "தொட்டுப் பாரு, மோட்டார் ஓடிக்கினு கீதா?" என்பார். ஓடுகிறது என்று சொன்னால் அவருக்கு ஒரு திருப்தி. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அது கரைகிற வரைக்கும் பேசாமல் இருப்பார். அவர் பேசாமல் இருப்பது அப்போது மட்டும்தான்.

போன வருஷம் வைகாசி கடைசியில் ஈஸ்வரன் கோயில் குளத்தில் வலை போட்டோம். ஏரிகளில் நாட்டுக் கெளுத்தி முடிந்துபோன பிறகு எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் குளம் ஒன்றுதான். ஏரியிலிருந்து வருகிற வாய்க்கால் தூர்ந்துபோனதால் வெளி மீன் உள்ளே வர வழியில்லை. அதற்கு முந்தின வருஷம் பார்த்தபோது நம் மீன் தாராளமாக இருந்தது. அங்கேயிருந்து குஞ்சு எடுத்து, சுத்தம் செய்த குட்டைகளில் விட வேண்டும் என்பது மேடத்தின் திட்டம். அந்தக் குளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகம் தெளிந்துவிடும்.

முதல் வலையிலேயே ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. முழங்கை நீளம். அடுத்த வலையில் இன்னொன்று. நம் மீன் ஒன்றுகூட இல்லை. மேடம் படியில் உட்கார்ந்துவிட்டார். வலைக்கார அண்ணன்கூடப் பேசவில்லை. வாய்க்கால் இல்லாத குளத்துக்கு இது எப்படி வந்தது என்று எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கட்டிலில் படுத்திருந்தார். அக்கா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனது ஆறவில்லை. கோபம் வந்தால் எனக்கு வார்த்தை வராது, அழுகைதான் வரும். அன்றைக்கு வார்த்தையும் வந்தது.

"எந்தப் படுபாவின்னு தெரிலக்கா. கோயில் கொளத்துல கொண்டாந்து அந்த மீனை வுட்டுக்கீறான். அவன் கையி வெளங்காம போவ" என்றேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அப்பிடிச் சொல்லாதடி."

"பின்ன எப்பிடிச் சொல்றது?"

"நான்தான் வுட்டேன்."

உத்திரமேரூரில் ஒரு ஜோசியரிடம் போயிருக்கிறாள். அமாவாசைக்கு அமாவாசை உயிருள்ள மீன் வாங்கிக் கோயில் குளத்தில் விடு, புருஷனுக்கு வந்தது விலகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டில் மற்ற மீனெல்லாம் ஐஸில் கிடக்கும். தடை இருந்தும் உயிரோடு வருவது இந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றுதான். நீல டிரம்மில் கொஞ்சம் தண்ணீரில் நெளிந்துகொண்டு கிடக்கும். அதிலிருந்து பெரியதாக ஒன்று கேட்டு வாங்கி, மூடி போட்ட பக்கெட்டில் பஸ்ஸில் கொண்டுவந்து, குளத்தில் விட்டுக் கும்பிட்டுவிட்டு வருவாளாம். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிச் செய்திருக்கிறாள். பரிகாரத்தை வெளியில் சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் சொல்லவில்லை. எந்த நேரமும் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற என்னிடமும் சொல்லவில்லை.

மாமாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். கட்டிலிலிருந்து சிரித்தார். "அதான் அம்மாசிக்கு அம்மாசி வூட்ல கவுச்சி வாசனை. இன்னிக்கி ஆக்கிப் போடுவா, இன்னிக்கி ஆக்கிப் போடுவான்னு நான் காத்துக்கினு கெடந்தேன்" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சொன்ன சாபம் அந்த வாசலில் அப்படியே நின்றது. என் அக்காவின் கையைத்தான் சொல்லிவிட்டேன். சோப்பு நுரையோடு அந்தக் கை என் கண்முன்னாலேயே இருந்தது.

குளத்தை இறைத்துவிடுவது என்று முடிவானது. வேறு வழியில்லை, வலையில் எல்லாம் அகப்படாது. ஆனி முடிவதற்குள், மழை பிடிப்பதற்கு முன்னால், என்ஜின் வைத்துத் தண்ணீரை வெளியேற்றி, சேறு வரைக்கும் தேடி, நம் மீனைத் தொட்டிகளில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை முழுக்க எடுத்துவிட வேண்டும். கோயில்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், பஞ்சாயத்தும் ஒப்புக்கொண்டது. எப்படியிருந்தாலும் தூர் வாரத்தானே வேண்டும் என்றார்கள். அக்காவிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. தான் விட்ட மீனை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். அதற்குத் தினமும் பொரி போடுவதாகவும், அதனால் மற்ற மீனைத் தின்னாது என்றும் சொன்னாள். பொரி போட்டாலும் தின்னும் அக்கா, அதன் பிறவி அப்படி, நம் மீன் இன்னும் ஒரு வருஷம்கூடத் தாங்காது, அப்புறம் இந்தப் பக்கத்தில் அது எங்கேயுமே இருக்காது என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். மேடம் சொன்னால் கோர்வையாக வரும். எனக்கு முன்னே பின்னே வந்தது.

"அதுங்க அங்க சுத்திக்கினு கீற வரைக்கும் இவுருக்கு ஒண்ணும் ஆவாதுடி" என்றாள்.

"ஜோசியரு அப்பிடியா சொன்னாரு?"

"வுடச் சொன்னாரு. மீதி எனுக்குத் தெரியும்."

அந்த மீதி எனக்கும் தெரியும். அதுதான் கஷ்டம். கதவைத் தாழ் போட்டுவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்காவிட்டால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைக்கிறவள் நான். கம்பெனி பஸ் வருகிற சத்தம் கேட்பதற்கு முன்னால் விளக்கை அணைத்தால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது என்று நினைக்கிறவள். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு அவிழ்க்க முடியாது. அக்கா பேசுவது பொய் என்று என் வாய் சொல்லும். வயிறு ஒப்புக்கொள்ளாது.

"அதுவும் உசுரு, இதுவும் உசுரு" என்றாள் அக்கா. "இது இருக்கணும், அது போவணும்னு நீ சொல்லுவியா? எந்த உசுரு வோணும்னு உன்ன யாரு கேட்டது?"

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாளே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாட்டுக் கெளுத்திக்குத் தொட்டி வைக்கிறீர்களே, அக்கா மீனுக்கும் ஒரு தொட்டி வைத்தால் ஆகாதா, என் வீட்டுப் பின்பக்கம் நானே வைத்துக்கொள்கிறேன், மூடி போட்டுக் கல் வைத்துவிடுகிறேன் என்றேன். தடை போட்ட மீனை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதை மேடம் முதலில் சொல்லவில்லை. "ஒரு நல்ல மழை பேஞ்சா தொட்டியிலேருந்து எறங்கி நடந்து போயிடும்க்கா. நீங்களே பாத்திருக்கீங்க" என்றார். பார்த்திருக்கிறேன். ஈரத் தரையில் செவுளுக்குப் பக்கத்து முள்ளை ஊன்றி ஊன்றிப் போகும். "அன்னிக்கு நீங்க வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வராமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் இல்லாவிட்டால் வேறு யாரோ பிரிப்பார்கள். அவசரத்தில் நம் மீனைக் கொன்றுவிட்டால்? அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரியதாக வந்து நின்றது. போனேன்.

இரண்டு என்ஜின் ஓடியது. காலையிலிருந்தே ஊர் ஜனம் படியில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு படியாக வெளியே வந்தது. அடிப்படிகளில் பாசி கறுத்துக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார், கூடவே அக்கா. அவர் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி இறங்கி, நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்காராமல் பின்னால் நின்றாள்.

நடுக்குளத்தில் சேறு இடுப்பு வரைக்கும் இருந்தது. நானும் இறங்கியிருந்தேன். நம் மீன் கிடைத்தது, இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம்தான். எல்லாம் பெரியது, குஞ்சே இல்லை. குஞ்சு இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் வலைக்கார அண்ணன் சேற்றுக்குள் கையை விட்டு, "வந்துட்டாருபா பெரியவரு" என்று ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கினார். என் கை நீளம் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். அக்கா முதன்முதலில் விட்டதாகத்தான் இருக்க வேண்டும். வாலை அடித்து என் முகமெல்லாம் சேறு.

"மச்சினி" என்று மேலேயிருந்து குரல் வந்தது. மாமா. "அத்தத் தூக்கிக் காட்டு. என் உசுரு எத்தினி கிலோ கீதுன்னு பாப்போம்."

ஜனம் சிரித்தது. அவர் சொன்னது அவர்களுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு. நான் தூக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேலையைப் பார் என்கிற மாதிரி. அதற்காகத்தான் அவ்வளவு படி இறங்கி வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அக்கா திரும்பி மேலே ஏறிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

மீனைக் கிராம்புத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றும். பிறகு பக்கவாட்டில் சாயும். செவுள் மெதுவாகத் திறந்து மூடும், இடைவெளி கூடிக்கொண்டே போகும். அடங்கிவிட்டது என்று தெரிகிற வரைக்கும் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்பது மேடம் வைத்திருக்கிற முறை. நான் இருந்தேன். பெரிய மீனாக இருந்தால் வயிற்றைத் திறந்து பார்ப்பதும் முறை. மேடம் திறந்தார். உள்ளே பொரி இருந்தது, ஊறி வெள்ளையாக. பொரிக்கு நடுவே நம் மீன் குஞ்சுகள் இருந்தன. புள்ளிகூடக் கலையவில்லை.

அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பக்கம் நியாயம் என்று ஆகிவிடும். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

ஆடியில் மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவணியில் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. தொட்டியிலிருந்த நம் மீனையெல்லாம் கொண்டுபோய் விட்டோம். நான் ஒவ்வொரு அமாவாசையும் பயந்து பயந்து கழித்தேன். காலையில் எழுந்ததும் ஏதோ ஒரு சாக்கு வைத்து அக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டு வருவேன். மாமா கையை நீட்டுவார், தொட்டுப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கும். அக்காவும் ஏதோ பேசுவாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் பொங்கல் வைத்தாள்.

பொங்கல் கழிந்து சில நாளில், விடிகிற நேரத்தில், மாமாவுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோ வைத்துக் கொண்டுபோனார்கள். அவருடைய ஆட்டோவேதான், வேறு ஒருத்தர் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசல் போவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது, இந்த நோய் உள்ளவர்களுக்கு இப்படி ஆவது உண்டு என்று டாக்டர் சொன்னாராம். அதை எனக்கு எத்தனையோ பேர் வந்து சொன்னார்கள். நான் கேட்காமலேயே சொன்னார்கள்.

சாவு வீட்டில் பெண்கள் வருகிறபோது அக்கா ஒவ்வொருத்தரையும் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஒரு ஓரமாக நின்றேன். நீதான்டி என்று சொல்வாள், எல்லார் முன்னாலும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றுகூட இருந்தது. என் முறை வந்தது. மற்றவர்களைக் கட்டிக்கொண்ட மாதிரியே என்னையும் கட்டிக்கொண்டாள். அவர்களிடம் அழுத அளவே என்னிடமும் அழுதாள். பிறகு விட்டுவிட்டு அடுத்தவளைக் கட்டிக்கொண்டாள். பெருநகரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரி அவள். அவளுக்கும் எனக்கும் அக்கா கையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாக எதுவும் பேச மாட்டாள். குழம்பு வைத்தால் கொடுத்தனுப்புவேன். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ, இரண்டு மிளகாயோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு துண்டு வெல்லமோ போட்டுத்தான் தருவார்கள். என் பாத்திரம் கழுவித் துடைத்து வெறுமையாக வந்தது. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்ப்பேன். அடுத்த தடவை கொடுத்தனுப்பும்போது இந்தத் தடவை ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷமும் பங்குனி வந்தது. வேலைக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன், போய்விட்டேன். வீட்டில் இருந்தால் நினைப்பு தின்றுவிடும். கோயில் குளத்தில் வலை போட்ட அன்றைக்கு நம் மீன் குஞ்சுகள் வந்தன. விரல் நீளம், புளி நிறம், புள்ளி எல்லாம் இருந்தது. மேடம் கையைத் தட்டினார். வலைக்கார அண்ணன், "பாருமா, உன் பேரப் பசங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தபோது அக்கா முகம்தான் வந்தது. அதோடு அந்தச் சந்தோஷம் அடங்கிவிட்டது.

சித்திரையில் திரும்பவும் வலை போட்டபோது ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. ஒன்றே ஒன்று. அவ்வளவு பெரியதில்லை. நான்தான் பிரித்தேன், நான்தான் கிராம்புத் தண்ணீரில் போட்டேன். கூடவே இருந்து புதைத்தேன். யார் விட்டிருப்பார்கள் என்று மேடம் கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அக்காவாக இருக்கும் என்று நினைக்கவேயில்லை. இனி யாருக்காக அவள் விட வேண்டும்?

அதற்கு அடுத்த வாரம், வேலை முடிந்து கோயில் வழியாக வந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொரிப் பொட்டலம் இருந்தது. நான் பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று நடந்தேன்.

"வா, ஒக்காரு" என்றாள்.

தை மாசத்துக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டு படி தள்ளி உட்கார்ந்தேன்.

"கிட்ட வா."

கிட்டப் போனேன். அவள் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உனுக்கோசரம் ஒண்ணு வுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

"மீனு. பங்குனி அம்மாசிக்கு வுட்டேன். அவுருக்குத்தான் ஒண்ணும் பலிக்கல. நீயும் எத்தினி உசுரை எடுத்துக்கினு கீற, வருசா வருசம். சொன்னாலும் கேக்க மாட்ட. அந்தப் பாவம் உன் தலையில ஏறி உனுக்கு எதுனா ஆயிடிச்சின்னா, நான் யாரு மொகத்தைப் பாத்துக்கினு கெடப்பேன்?"

பொரிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"சின்னதாத்தான் வாங்கினேன். ஒண்ணே ஒண்ணு. அத்த மட்டும் வுட்டுடு. உன் வலையில வந்துதா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"வர்ல."

"அப்ப உள்ள நல்லாத்தான் கீது."

"கீது" என்றேன்.

ஒரு பிடி பொரியைத் தண்ணீரில் வீசினாள். அது மிதந்து பரவியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் ஒரு மீன் மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. நம் மீன். எனக்குத் தெரியாதா. அக்கா என் கையைப் பிடித்தாள். "அதோ, அதாண்டி, பாத்தியா" என்றாள். பிடித்த கையை விடவில்லை. ஆமாம் என்றேன். இன்னொன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒன்று போதும், இனிமேல் விட வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் வலையில் அகப்பட்டுவிடும் என்றேன். சரி என்றாள். உடனே சரி என்றாள். நான் அவள் பேச்சைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழம்புப் பாத்திரம் திரும்பி வந்தது. உள்ளே ஒரு முட்டை இருந்தது. அதை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். என் பெண் என்னவென்று கேட்டாள். முட்டை உடைந்துவிட்டது என்று சொன்னேன். உடையாத முட்டையை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அக்கா இப்போது தினமும் வருகிறாள். வேலை எப்படி, கை ஏன் வீங்கியிருக்கிறது, ராத்திரி தூங்கினாயா என்று கேட்கிறாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். போன வாரம் மழையில் நனைந்து எனக்குச் சளி பிடித்தது. இருமல் வரும்போது பின்பக்கம் போய், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமினேன். அவள் காதில் விழுந்தால் நேராகக் குளத்துக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து, நான் புதைத்துவிட்ட அந்த மீன் மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு இனிமேல் ஒரு காய்ச்சல்கூட வரக் கூடாது.